இருமல் பாடம்

யாராவது இருமினால் தெருவே திரும்பிப் பார்த்த காலம் அது. வரிசையில் ஒருவன் தும்மினால் முன்னால் நிற்பவனும் பின்னால் நிற்பவனும் சேர்ந்தே விலகினார்கள். தொண்டையில் லேசாக அரித்தால்கூட, கண்ணில் தண்ணீர் முட்டினாலும் பரவாயில்லை என்று விழுங்கிக்கொள்ள எல்லோரும் பழகியிருந்தார்கள். அப்படிப்பட்ட நாளில், தன் மனைவி நெஞ்சு அதிர, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி ஒரு தடவை இருமிவிடமாட்டாளா என்று ஏங்கிக்கொண்டிருந்த மனுஷன் ஒருவன் இருந்தான் என்றால் நம்புவது சிரமம்தான். ஆனால் இருந்தான். லிஃப்ட் பழுது பார்க்கிற மெக்கானிக் அவன்.

மனைவி கணக்கு டீச்சர். தசைச் சிதைவு நோய் அவளை முப்பது வயதுக்கு மேல்தான் பிடித்தது. முதலில் காட்டிக்கொடுத்தது பேருந்துப் படி. அடுத்தது கரும்பலகை. மேல் வரியில் எழுதக் கை எழும்பவில்லை. யாரிடமும் மூச்சு விடாமல் பலகையின் கீழ்ப்பாதியிலேயே எழுதிக்கொண்டிருந்தாள். குட்டைப் பிள்ளைகளுக்காக டீச்சர் இறங்கி வந்திருக்கிறார் என்று வகுப்பே நினைத்துக்கொண்டது. பிறகு கைத்தடி, அதன்பின் சக்கர நாற்காலி. இப்போது பள்ளிக்கூடம் கணினித் திரைக்குள் வந்துவிட்டதால் கரும்பலகைத் தொல்லை இல்லை. குரல் மட்டும் போதும். அந்தக் குரலுக்கும் கொஞ்ச நாளாகக் காற்று பற்றவில்லை. நீளமான கணக்கை நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தித்தான் படித்தாள்.

அவளுக்கு வந்த வகை நோய்க்கு மாத்திரை கிடையாது. இருப்பதைக் கெடாமல் காப்பாற்றிக்கொள்வதுதான் வைத்தியம். மூட்டு இறுகிப்போகாமல் நீட்டிவிட வேண்டும். தசை களைத்துப்போகிற அளவுக்கு வேலை வாங்கக் கூடாது. முக்கியமாக, நெஞ்சில் சளி தங்கக் கூடாது. நமக்கெல்லாம் சளி வந்தால் இரண்டு இருமலில் வெளியே வந்துவிடும். இருமுவதற்கும் தசை வேண்டும் என்று நாம் யோசித்தே பார்த்திருக்க மாட்டோம். டீச்சருக்கு அந்தத் தசைதான் போய்க்கொண்டிருந்தது. அவள் இருமினால் யாரோ பக்கத்து அறையில் மரியாதைக்குத் தொண்டையைக் கனைத்த மாதிரி இருக்கும்.

இதற்காகத்தான் மறுவாழ்வு மையத்துக்குப் போய் வந்தார்கள். நீளமான கூடம், தரையில் தடித்த விரிப்புகள், ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, பிடித்து நடக்க இரண்டு கம்பிகள். அங்கே பிசியோதெரபிஸ்ட்டாக இருந்த பெண்மணிக்கு நோயாளிகள் வைத்த பேர் இன்ஸ்பெக்டர். சும்மா சொல்லக் கூடாது, பொருத்தமான பேர்தான். சாத்திய கதவுக்கு வெளியே நின்று இருமலை மட்டும் கேட்டுவிட்டு, உள்ளே இருப்பது யார், சளி எந்தப் பக்கம் நிற்கிறது, அதை முழுங்கினாரா துப்பினாரா என்று சொல்லிவிடுவார். அவரிடம் பொய் சொல்லித் தப்பித்தவர் யாருமில்லை என்பது மையத்தில் எல்லோருக்கும் தெரியும்.

மையத்தில் இருமல் மெஷின் ஒன்று இருந்தது. முகத்தில் மூடியை வைத்து அழுத்தினால் நெஞ்சு நிறையக் காற்றைத் தள்ளி, சட்டென்று திருப்பி உறிஞ்சும். சளி மேலே வந்துவிடும். மெக்கானிக்குக் கொண்டாட்டம். ஒவ்வொரு முறையும் அதன் பக்கத்திலேயே நின்று மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டு, பெல்ட் தேய்ந்திருக்கிறது, வால்வில் தூசி இருக்கிறது என்று ஆலோசனை சொல்வான். மெஷின் இல்லாத நேரத்தில் இன்ஸ்பெக்டர் கையாலேயே அழுத்தி இருமவைப்பார். அப்போது மெக்கானிக் கைப்பேசியில் செய்தி பார்த்துக்கொண்டிருப்பான். இத்தனை வருஷத்தில் அந்த மெஷினைக் கழற்றி மாட்டுகிற அளவுக்குத் தெரிந்துகொண்டவன், அவர் கையை ஒருநாளும் கவனித்ததில்லை. கை எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்திருப்பான்.

தொற்று வந்தது. மையத்தை மூடினார்கள். மூச்சுக்காற்றை அறை முழுக்க வாரி இறைக்கிற சாமான் என்பதால் முதலில் பூட்டி வைத்ததே அந்த மெஷினைத்தான்.

இன்ஸ்பெக்டர் விடுகிறவரா? தினமும் சாயங்காலம் வீடியோவில் வந்தார். கால் நீட்டுவதும் தோள் சுற்றுவதும் மெக்கானிக்குச் சுலபமாகவே பிடிபட்டன. இருமல் பாடம்தான் உதைத்தது. பாடம் இதுதான்: மையத்திலிருந்து கொடுத்தனுப்பிய, கையால் பிழிகிற ரப்பர் காற்றுப்பையின் முனையை டீச்சர் வாயில் வைத்துக்கொள்ள வேண்டும். மெக்கானிக் பையை மூன்று தடவை பிழிவான். நடுவில் மூச்சை விடாமல் அவள் மூன்றையும் நெஞ்சுக்குள் அடுக்கிக்கொள்ள வேண்டும். பிறகு அவள் இருமுகிற அதே நொடியில், விலா எலும்புக்குக் கீழே வயிற்றில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, உள்ளேயும் மேலேயும் சேர்த்து ஓங்கி ஒரு தள்ளு. அந்தத் தள்ளுதான் அவளுக்கு இல்லாமல் போன தசை.

வழுக்காமல் இருக்க வயிற்றின்மேல் மடித்த துண்டைப் போட்டார்கள். மெக்கானிக் கையை வைத்தான். அவ்வளவுதான், வைத்தான். கடையில் பழம் பழுத்திருக்கிறதா என்று பார்க்கிறவன் இதைவிட அழுத்துவான்.

அவன் கோழையில்லை. ஆள் உயர இரும்பு எடைகளை ஒற்றை ஆளாக நகர்த்துகிறவன். அந்தக் கைதான் அவனுக்குப் பயம். அவசரத்தில் ஒருமுறை அவள் தோளுக்குக் கீழே பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்தியிருந்தான். மறுநாள் அந்த இடத்தில் அவன் விரல்கள் நீலமாகப் பதிந்திருந்தன. கட்டைவிரல் எது, சுண்டுவிரல் எது என்று தெரிகிற அளவுக்கு. டீச்சர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு பாடம் நடத்தப் போய்விட்டாள். அவனால்தான் மறக்க முடியவில்லை. அன்று முதல் அவளைத் தொடும்போதெல்லாம் அவன் கை பாதியிலேயே நின்றுவிடும்.

"இன்னும் அழுத்துங்க சார்," என்றார் இன்ஸ்பெக்டர் திரையிலிருந்து. "உங்களுக்கு வலிக்கிற மாதிரி இருந்தா சரியா அழுத்துறீங்கன்னு அர்த்தம்."

தலையை ஆட்டினான். மறுபடியும் பழம் பார்த்தான்.

இப்படி ஒரு வாரத்துக்கு மேல் போனது. ஒரு சாயங்காலம், காற்றை அடுக்கியாயிற்று, துண்டின்மேல் கை வைத்தாயிற்று, டீச்சர் இருமினாள். வெளியே வேலைக்குப் போய்வருகிறவன் என்பதால் அவள் பக்கத்தில் மெக்கானிக் முகக்கவசத்தோடுதான் இருப்பான். அதே நொடியில் அந்தக் கவசத்து நூல் ஒன்று தொண்டையில் ஏறி, அவனுக்குப் பெரிதாக ஒரு இருமல் வந்துவிட்டது. இரும்புப் பெட்டியைக் கீழே போட்ட மாதிரி ஒரு சத்தம். அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். இதுதான், இதைத்தான் இத்தனை நாளாகக் கேட்டேன், டீச்சருக்குள் இவ்வளவு காற்று இருந்ததா என்று ஒரே பாராட்டு. அவருக்கென்ன தெரியும்? கணவன் முகத்தில் பாதி கவசத்துக்குள். கைப்பேசியின் ஒலிபெருக்கியோ வந்த சத்தத்தையெல்லாம் ஒன்றாகக் கலக்கிக் கொடுக்கிற ரகம்.

மெக்கானிக் உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். கட்டிலில் டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். மையம் மூடிய நாளிலிருந்து அவள் சிரித்துப் பார்க்காதவன் அவன். எடுத்த வாயை மூடிக்கொண்டான்.

மறுநாள் அது தற்செயலாக நடக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் காதிலேயே பூ சுற்ற முடிகிறது என்றால் யாருக்குத்தான் ஆசை விடும்? மூன்று பிழி, ஒரு பொய் அழுத்தல், கவசத்துக்குள் ஒரு நிஜ இருமல். கொஞ்ச நாளில் இருவருக்கும் தாளம் கூடிவிட்டது. அவள் கண்ணை மூடினால் அவன் இருமவேண்டும் என்று ஏற்பாடு. பாடம் முடிந்து திரை அணைந்ததும் டீச்சர் மதிப்பெண் போடுவாள். இன்றைக்குச் சுருதி இறங்கிவிட்டது, நேற்றையது பரவாயில்லை, ஆண்குரல் தெரிகிறது, இன்னும் கொஞ்சம் மெல்லிசாக. வீட்டில் சிரிப்புக்கு வேறு வழியில்லாத நாட்கள். அதனால் அவர்களைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

இந்த இருமலை வேறொருவரும் கேட்டுக்கொண்டிருந்தார். மாடியில் குடியிருந்த, வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் சாயங்காலம் ஒரே நேரத்தில் கீழ்வீட்டிலிருந்து வந்த இருமலைத் தொற்று என்றே அவர் முடிவு கட்டிவிட்டார். சுகாதாரத் துறைக்குத் தகவல் போனது. தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டிய இருவர் வாசலில் வந்து நின்று, இருமுவது யார் என்று கேட்டார்கள். மெக்கானிக் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினான். புருஷன் பெண்டாட்டி இருவர் மூக்கிலும் குச்சியை விட்டார்கள். முடிவு வரும்வரை கதவில் ஒரு எச்சரிக்கைத் தாள் தொங்கியது. தொற்று இல்லை என்று தெரிந்த பிறகும் மேனேஜர் படியிறங்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் வாசலைக் கடந்தார்.

"கவர்மென்டே வந்து கேட்டுட்டுப் போற அளவுக்கு இருமுறீங்க," என்றாள் டீச்சர். "நான் இத்தனை வருஷம் பாடம் நடத்தி ஒருத்தர் வந்து கேக்கல."

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு செய்தி வந்தது. மையத்துக்கு வரும் தையல்காரர் ஒருவருக்கு, டீச்சருக்கு இருக்கும் அதே நோய் உள்ளவருக்கு, நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஆம்புலன்ஸில் ஏற்றிப் போனார்கள். உடன் யாரையும் விடவில்லை. தானாகப் புரண்டு படுக்க முடியாத மனுஷன். அழைப்பு மணி தலைமாட்டில் இருந்தாலும் கை எட்டாத மனுஷன். ஆஸ்பத்திரியில் ஓடிக்கொண்டிருந்த கூட்டத்தில் இதையெல்லாம் யார் கவனிப்பது? அவர்களையும் சொல்லிக் குற்றமில்லை. தையல்காரர் திரும்பி வரவில்லை. அவருக்கு வந்தது ஊரில் பரவிய தொற்றே இல்லை, வெறும் சளிதான் என்று பிறகு தெரிந்தது.

டீச்சர் அன்று வகுப்பு எடுக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"எனக்கு என்ன ஆனாலும் தனியா மட்டும் அனுப்பிடாதீங்க," என்றாள். "செத்துப்போறதுக்குப் பயமில்ல. ஒருக்களிச்சுப் படுக்கணும்னு தோணி, யார்கிட்டயும் சொல்ல முடியாமக் கிடக்கறதுக்குத்தான் பயம்."

அனுப்பமாட்டேன் என்றான். உடனே, எந்த யோசனையும் இல்லாமல் சொல்லிவிட்டான். அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டியது தன் இரண்டு உள்ளங்கை என்பது அப்போது அவனுக்கு உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும், இன்னும் சளி கட்டவில்லையே, கட்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருப்பான். பொய் இருமல் தொடர்ந்தது. ஒன்று மட்டும் மாறியது: டீச்சர் மதிப்பெண் போடுவதை நிறுத்திவிட்டாள்.

பொய்க்கு வட்டி கேட்க ஆள் வந்தது வேறு திசையிலிருந்து. டீச்சரின் இருமல்தான் மையத்திலேயே முதல் தரம் என்று இன்ஸ்பெக்டர் முடிவு கட்டிவிட்டார். இனி தினமும் வரத் தேவையில்லை, வாரத்துக்கு ஒருமுறை போதும், மிச்ச நேரத்தைக் கஷ்டப்படுகிற வேறு வீட்டுக்குக் கொடுக்கிறேன் என்றார். அதோடு விட்டாரா? தையல்காரர் போனதிலிருந்து எல்லா வீட்டிலும் கலங்கிப்போயிருக்கிறார்கள், ஒரு நாள் எல்லோரையும் ஒரே திரையில் கூட்டுகிறேன், மெக்கானிக் சார் செய்து காட்டட்டும் என்று வேறு சொல்லிவிட்டார்.

மெக்கானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாட்டேன் என்று சொல்லக் காரணம் ஒன்றும் அகப்படவில்லை. அந்த நாள் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக முகங்கள். மனைவியர், அப்பாக்கள், ஒரு வீட்டில் அண்ணனும் தங்கையும். எல்லோரும் அவன் கையையே பார்த்தார்கள். துண்டு மடிப்பு மறைத்ததால் கை எவ்வளவு உள்ளே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்று பிழி. டீச்சர் கண்ணை மூடினாள். அவன் இருமினான். ஒருவர் கைதட்டினார்.

ஒரு கட்டத்திலிருந்து ஒரு அப்பா, தாடி வளர்ந்து கண் சிவந்தவர், தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"என் பையனுக்கு வலிக்குமோன்னு கை வரமாட்டேங்குது சார். உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

மெக்கானிக் துண்டின் மடிப்பைச் சரிசெய்தான். பழகினால் வந்துவிடும் என்றான். அந்த அப்பா அதை நம்பித் தலையாட்டியதைப் பார்க்க முடியாமல், வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று சொல்லி ஜன்னலைச் சாத்தப் போனான். திரும்பி வந்தபோது திரை அணைந்திருந்தது. டீச்சர் அவனைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு மேடம்கிட்டச் சொல்லிடுங்க," என்றாள். "போதும்."

சொல்கிறேன் என்றான். நாளை வந்தது, அது போய் இன்னொரு நாளையும் வந்தது. போனை எடுப்பான், வைப்பான். திட்டு வாங்கப் பயந்தான் என்று சொல்வது பாதிதான் சரி. சொல்லிவிட்டால் நிஜமாக அழுத்தவேண்டி வருமே, பயம் அதற்குத்தான்.

வானிலை மாறியது. டீச்சருக்கு மூக்கு ஒழுகியது, அவ்வளவுதான். இரண்டாம் நாள் காலையில் குரல் கட்டியது. மூன்றாம் நாள் காலையில் வகுப்பில் ஒரு கணக்கைப் படிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். பிள்ளைகள் வழக்கம்போல மூச்சு வாங்கிக்கொள்கிறார் என்று காத்திருந்தார்கள். அவள் மீதியைப் படிக்கவில்லை. சமையலறையில் இருந்த மெக்கானிக்குக் கேட்டது கணக்கு இல்லை, அவள் நெஞ்சுக்குள் ஏதோ கொழகொழவென்று புரளுகிற சத்தம்.

தூக்கிக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்தான். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி தொண்ணூறுக்குப் பக்கத்தில் காட்டிக்கொண்டு, பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாக இறங்கியது. காற்றுப்பையைப் பிழிந்தான், துண்டைப் போட்டான், கையை வைத்தான். அவள் இருமினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் செய்தான். அவன் கை அதே இடத்தில் நின்றது. அவள் உதட்டோரத்தில் நிறம் மாறியிருந்தது.

இன்ஸ்பெக்டருக்குப் போட்டான். தண்ணீர்க் கூஜாவில் போனைச் சாய்த்து வைத்தான். அந்தப் பக்கம் பதற்றமே இல்லை. மூக்குச் சளி கீழே இறங்கியிருக்கிறது, டீச்சருக்கு இருக்கிற இருமலுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா, நாலு தடவை நன்றாக இருமினால் வந்துவிடும், எங்கே செய்யுங்கள் கேட்கலாம் என்றார்.

மெக்கானிக்கின் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது ஒரு இருமல். பழக்கம். டீச்சர் கண்ணை மூடவில்லை. அகலத் திறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம்," என்றான். "அது அவளோட இருமல் இல்ல. என்னோடது."

புரியவில்லை என்றார் அவர்.

"இத்தனை நாளா நீங்க கேட்டது நான் இருமினது. மாஸ்க்குக்குள்ள. அவளை நான் ஒருநாள்கூட அழுத்தல."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தான். இன்ஸ்பெக்டரின் முகம் அப்படியே இருந்தது. ஒரு நிமிஷத்தில் அதில் என்னென்னவோ வந்து போயிருக்க வேண்டும். தன் காதுமேல் கோபம், இவன்மேல் கோபம், வாரத்துக்கு ஒருமுறை போதும் என்று சொன்ன தன் வாய்மேல் கோபம். அதில் எதையும் அவர் வெளியே விடவில்லை. விரல் கருவியில் என்ன காட்டுகிறது என்று கேட்டார். சொன்னான். பக்கத்தில் இன்னொரு போனில் யாரையோ அழைத்து ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவைக்கச் சொன்னார். அது வர நேரமாகும், வருவதற்குள் நாம் செய்யவேண்டியதைச் செய்துவிடுவோம் என்றார்.

ஆம்புலன்ஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் டீச்சரின் விரல்கள் படுக்கை விரிப்பைத் தேடின. பிடிக்கிற அளவுக்கு அவற்றில் பலம் இல்லை, அதன்மேல் கிடந்தன.

"மாஸ்கைக் கழட்டுங்க சார். ஒரு துண்டை எடுத்துப் பல்லுல கடிச்சுக்கோங்க. இனிமே நீங்க இருமக்கூடாது."

வயிற்றின்மேல் போட வைத்திருந்த அதே துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டான். இப்போது மறைக்க ஒன்றும் இல்லை. அவளுடைய சட்டையின்மேல் அவன் இரண்டு உள்ளங்கையும் பளிச்சென்று தெரிந்தன. காற்றை அடுக்கினான். ஒன்று, இரண்டு, மூன்று. அவள் இருமினாள், அவன் தள்ளினான். கை பாதியில் நின்றது. கருவி இன்னும் ஒன்று இறங்கியது.

"அது நேத்து வரைக்கும் நீங்க போன தூரம்," என்றார் இன்ஸ்பெக்டர். "அதுக்கு மேல போங்க."

மறுபடியும் காற்று. மறுபடியும் நின்றது. அவன் கண்ணில் தண்ணீர் இறங்கித் துண்டு நனைந்தது. அவனுக்கு அவள் சட்டை தெரியவில்லை, அதற்கடியில் நாளைக்கு வரப்போகிற பத்து விரல்தான் தெரிந்தது.

டீச்சர் காற்றுப்பையின் முனையை நாக்கால் தள்ளிவிட்டு ஏதோ சொன்னாள். குனிந்து காதைக் கொடுத்தான்.

"நீலமானா ஆகட்டும்," என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு செலவானது. "நீலம் போயிடும். என்னைப் போக விடாதீங்க."

லிஃப்ட் வேலையில் அவன் புதிதாகச் சேர்கிற ஆட்களுக்குச் சொல்கிற ஒன்று உண்டு. அரைகுறையாகப் பிடிக்கிற பிரேக்தான் ஆளைக் கொல்லும். பிடித்தால் முழுசாகப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன்மேல் ஆளை ஏற்றக் கூடாது. எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பான். கட்டில்மேல் ஒரு முழங்காலை ஊன்றி ஏறினான். கையை விலாவுக்குக் கீழே, மெத்தென்று இருக்கிற இடத்தில், சரியாகப் பொருத்தினான். பையைப் பிழிந்தான். அவள் நெஞ்சு ஏறியது, இன்னும் ஏறியது, இன்னும் ஏறி நின்றது. அவள் கண் அவன் கண்ணில் இருந்தது. இருமலுக்காக அவள் தொண்டை திறந்த நொடியில், தன் உடம்பில் இருந்த அத்தனை பாரத்தையும் தோள் வழியாக உள்ளங்கைக்கு இறக்கி, உள்ளேயும் மேலேயும் தள்ளினான். இந்த முறை கை நிற்கவில்லை.

கட்டில் ஆடியது. கூஜா சாய்ந்து, போன் தரையில் மல்லாந்து விழுந்தது. இன்ஸ்பெக்டருக்கு இப்போது தெரிந்ததெல்லாம் கூரையும் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியும்தான். ஆனால் கேட்டது. ஈரமும் கனமுமாக, அடியிலிருந்து எதையோ பெயர்த்துக்கொண்டு வருகிற ஒரு இருமல். அதன்பின் இன்னொன்று. பிறகு எதையோ துப்புகிற சத்தம், அதற்குப் பிறகு நீளமாக, தடையே இல்லாமல், ஒரு மூச்சு உள்ளே போகிற சத்தம்.

மாடியில் மேனேஜர் வீட்டு ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது.

தரையிலிருந்து இன்ஸ்பெக்டரின் குரல் வந்தது. அந்தக் குரலில் முதல் தடவையாக நடுக்கம் இருந்தது.

"யாரோட இருமல் அது? சார், உண்மையைச் சொல்லுங்க. யாரோடது?"

துண்டு இன்னும் மெக்கானிக்கின் பல்லில் இருந்தது, கை இன்னும் அவள் வயிற்றில் இருந்தது, எடுத்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்பதுபோல அவன் அப்படியே இருந்தான்.

"என்னோடது மேடம்," என்றாள் டீச்சர், நடுவில் எங்கும் நிறுத்தாமல்.